குவான்டிட்டி சர்வேயிங் (க்யூஎஸ்) மேற்படிப்புக்கு பணம் கட்றதுக்கு முன்னாடி பிள்ளைங்க கொஞ்ச நாள் சைட்டுல நிக்கட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல வெளிநாட்டு மேற்படிப்பு பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. அதுல சிவில் முடிச்சவங்க குவான்டிட்டி சர்வேயிங் படிக்கலாம், நல்ல எதிர்காலம் இருக்குன்னு ரெண்டே ரெண்டு வரி. அது தப்புன்னு நான் சொல்ல வரல, எனக்கும் என் குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்த வேலைதான். ஆனா அந்த ரெண்டு வரிய படிச்சிட்டு எங்க தெருவுல ஒரு வீட்டுல வயல அடமானம் வைக்கலாமான்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க, பையன் இந்த வருஷம்தான் பிஇ முடிச்சிருக்கான், ஒரு நாள் கூட சைட்டுல நின்னதில்ல. அவங்க அப்பா என்கிட்ட வந்து கேட்டாரு, அவருக்கு சொன்னத எல்லாருக்கும் சொல்லணும்னு தோணுச்சு, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த பேரே நம்ம ஊர்ல குழப்பம். சர்வேயர்னு சொன்னா தாலுகா ஆபீஸ்ல இருந்து சங்கிலி கொண்டு வந்து நிலம் அளக்கறவர்னுதான் நினைக்கறாங்க. இது வேற. ஒரு கட்டடம் கட்ட எவ்வளவு வேலை இருக்கு, அதுக்கு எவ்வளவு ஆகும், மாசா மாசம் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு குடுக்கணும், டிராயிங் மாறினா கூடுதல் செலவு யார் தலையில, கடைசியில கணக்கு முடிக்கும்போது யார் யாருக்கு பாக்கி, இது எல்லாத்தையும் பாக்கறவர்தான் குவான்டிட்டி சர்வேயர், சுருக்கமா க்யூஎஸ். நம்ம ஊர் கம்பெனிங்கள்ல இதே வேலைய பாதி செய்யறவருக்கு பில்லிங் இன்ஜினியர்னு பேரு. சைட் இன்ஜினியருக்கு இருக்கற மதிப்பு அவருக்கு இருக்காது, ஒரு ஓரத்துல அளவு எழுதற எம் புக்கும் எக்ஸல் ஷீட்டுமா உக்காந்திருப்பாரு.

நானும் அப்படி உக்காந்திருந்தவன்தான். 1996ல பிஇ முடிச்சேன், அடுத்த வருஷம் சென்னையில ஒரு அபார்ட்மென்ட் வேலையில பில்லிங்ல போட்டாங்க. அப்ப நடந்த ஒண்ண சொல்றேன். உள்பூச்சு வேலை எடுத்திருந்த மேஸ்திரிக்கு பில் போடறேன். சுவரோட மொத்த பரப்பு எடுத்தேன், கதவு வர்ற இடத்துல பூச்சு இல்லதானே, அதனால ஒவ்வொரு கதவுக்கும் சுவரோட ரெண்டு பக்கமும் கழிச்சேன். எனக்கு ரொம்ப நியாயமா பட்டுச்சு. பில்ல பாத்துட்டு மேஸ்திரி சத்தம் எதுவும் போடல, என் கைய பிடிச்சு ஒரு ஃப்ளாட்டுக்குள்ள கூட்டிட்டு போயி கதவு ஓபனிங்கோட ஓரத்த விரலால தடவி காட்டுனாரு, "இந்த ஓரத்த யாரு சார் பூசுனது, மூலமட்டம் பிடிக்க இதுக்குத்தான் சார் நேரம் ஜாஸ்தி"ன்னாரு. எனக்கு பதில் தெரியல.

அன்னைக்கு ராத்திரி ஐஎஸ் 1200 எடுத்து படிச்சேன். கட்டட வேலைய எப்படி அளக்கணும்னு சொல்ற இந்திய தர நிர்ணயம் அது, அக்ரிமென்ட்லயும் அதுபடிதான் அளவுன்னு போட்டிருந்துச்சு. பூச்சு வேலைக்கு அதுல தெளிவா இருக்கு. ஓபனிங் அரை சதுர மீட்டருக்குள்ள இருந்தா கழிக்கவே கூடாது. அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரைக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கணும், இன்னொரு பக்கத்த விட்டுக் குடுக்கறது ஓரம் பூசின கூலிக்கு பதிலா. 3ஐ தாண்டினா ரெண்டு பக்கமும் கழிச்சிட்டு ஓரத்த தனியா அளந்து சேக்கணும். எங்க கதவு 0.9க்கு 2.1, அதாவது 1.89 சதுர மீட்டர், ஒரு பக்கம்தான் கழிச்சிருக்கணும். 400 கதவு இருந்துச்சு, 756 சதுர மீட்டர் வேலைய நான் அவர் கணக்குல இருந்து எடுத்திருக்கேன். அன்னைய ரேட்டுக்கு பதினெட்டாயிரத்து சொச்சம், பன்னெண்டு பேர் வச்சு வேல பாத்த மனுஷனுக்கு அது சின்ன பணமில்ல. மறுநாள் பில்ல திருத்தி போட்டேன். காலேஜ்ல எஸ்டிமேஷன் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான், ஆனா அந்த விதி எதுக்கு இருக்குன்னு அந்த ஓரத்த தொட்டு பாத்தப்பதான் புரிஞ்சது.

அதுக்கப்புறம் துபாய், தோஹான்னு இருபது வருஷத்துக்கு மேல. வேலை பாத்துக்கிட்டே இங்கிலாந்து யூனிவர்சிட்டி ஒண்ணுல தொலைதூர கல்வியில எம்எஸ்சி க்யூஎஸ் முடிச்சேன். ராத்திரி ஒம்பது மணிக்கு ரூமுக்கு வந்து பன்னெண்டு வரைக்கும் படிப்பு, வெள்ளிக்கிழம முழுக்க அசைன்மென்ட், ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. அந்த படிப்பு எனக்கு என்ன குடுத்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா மேற்படிப்பே வேண்டாம்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, நான் அந்த கட்சி இல்ல.

அளக்கறது சைட்டுல கத்துக்கலாம். ஒப்பந்த சட்டம் சைட்டுல கத்துக்க முடியாது, கத்துக்கறதுன்னா யாராச்சும் நஷ்டப்பட்டுதான் கத்துக்கணும். வளைகுடால நான் பாத்த பெரிய வேலைங்க பெரும்பாலும் ஃபிடிக்ங்கற சர்வதேச இன்ஜினியர்கள் கூட்டமைப்பு போட்டு வச்சிருக்கற பொது ஒப்பந்தத்துல நடந்ததுதான், 1999ல வந்த சிவப்பு புத்தகம். அதுல 20.1னு ஒரு விதி. உங்களுக்கு கூடுதல் நாளோ கூடுதல் பணமோ வேணும்னா, காரணம் தெரிஞ்ச நாள்ல இருந்து, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்ல இருந்து 28 நாளைக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும், இல்லன்னா கேக்கற உரிமையே போச்சு. தோஹால நான் வேல பாத்த ஒரு ப்ராஜெக்ட்ல டிராயிங் லேட்டா வந்துச்சு, எல்லாருக்கும் தெரியும், மீட்டிங்ல பேசினாங்க, கன்சல்டன்டே ஒத்துக்கிட்டாரு, பேசித் தீத்துக்கலாம்னு எங்க மேனேஜர் லெட்டர் போடல. 28 நாள் தாண்டிருச்சு. கடைசியில லேட்டுக்கு அபராதம்னு எங்க பில்ல பிடிச்சப்ப கைல ஒரு காகிதம் இல்ல. நான் எம்எஸ்சியில படிச்சிருந்ததாலதான், அந்த நாட்டு சிவில் சட்டத்துல ஒப்பந்தத்த நல்லெண்ணத்தோட நடத்தணும்னு ஒரு பிரிவு இருக்கு, அத வச்சு வாதம் பண்ணலாம்னு சொல்ல முடிஞ்சது. முழுசா கிடைக்கல, பாதி நாள் மீட்டோம். இந்த மாதிரி விஷயம், செலவு திட்டமிடல், தகராறு தீர்வு, ஒரு கட்டடத்த கட்றதுக்கு மட்டுமில்லாம முப்பது வருஷம் பராமரிக்க என்ன ஆகும்னு கணக்கு போடறது, இதெல்லாம் நல்ல பிஜி கோர்ஸ்ல ஒழுங்கா சொல்லிக் குடுக்கறாங்க. ஆனா நான் அந்த விதிய படிக்கும்போது என் கண்ணு முன்னாடி என் சைட் இருந்துச்சு, மேஸ்திரி இருந்தாரு, லெட்டர் போடாத மேனேஜர் இருந்தாரு, அதனால மனசுல நின்னுச்சு. இருபத்தோரு வயசுல சைட்டே பாக்காம அதே விதிய படிச்சிருந்தா பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணிருப்பேன், அவ்வளவுதான்.

இத நான் சும்மா சொல்லல, என் அக்கா பையன் விஷயத்துல நேரா பாத்தேன். பிஇ முடிச்ச கையோட ஒரு கன்சல்டன்சி மூலமா இங்கிலாந்து போனான். அப்ப நான் தோஹால, என்கிட்ட கேக்கல, எல்லாம் முடிவான பிறகுதான் அக்கா போன் பண்ணுச்சு. ஃபீஸ், தங்கற செலவு, விசா, இன்சூரன்ஸ்னு இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேல ஆச்சு, அரசு பேங்க்ல ஏழரை லட்சத்துக்கு மேல போனா பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேப்பாங்க, வீட்டு பத்திரம் பேங்க்குக்கு போச்சு. க்யூஎஸ் படிப்புன்னு சொல்லி சேத்து விட்டாங்க, ஆனா அது கன்ஸ்ட்ரக்ஷன் சம்பந்தமா வேற பேர்ல உள்ள ஒரு எம்எஸ்சி, அதுல க்யூஎஸ் ரெண்டு பாடம்தான். அத விட முக்கியமா அந்த கோர்ஸுக்கு ஆர்ஐசிஎஸ்ங்கற சர்வேயர்கள் சங்கத்தோட அங்கீகாரம் இல்ல. யூனிவர்சிட்டிக்கு இருந்துச்சு, அதாவது அதே யூனிவர்சிட்டியோட வேற ஒரு கோர்ஸுக்கு இருந்துச்சு, அத காட்டித்தான் கன்சல்டன்சிக்காரங்க இருக்குன்னு சொல்லிட்டாங்க. இந்த ஒரு இடத்துலதான் நிறைய குடும்பம் ஏமாறுது, தயவுசெஞ்சு இத பெருசா போடுங்க ஐயா. அங்கீகாரம் யூனிவர்சிட்டிக்கு இல்ல, கோர்ஸுக்கு. கோர்ஸ் பேரு எழுத்துக்கு எழுத்து அதேதானா, முழு நேரமா பகுதி நேரமா, எந்த கேம்பஸ், எந்த வருஷம் சேர்றவங்களுக்கு, இத்தனையும் ஆர்ஐசிஎஸ் வெப்சைட்லயே தேடி பாக்கலாம், ஏஜென்ட் காட்டற நோட்டீஸ நம்ப வேண்டாம்.

ஆர்ஐசிஎஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: 1868ல லண்டன்ல ஆரம்பிச்ச சர்வேயர்கள் சங்கம், 1881ல ராயல் சார்ட்டர் வாங்கினது. இங்கிலாந்துலயும் வளைகுடாலயும் க்யூஎஸ் வேலை விளம்பரத்துல எம்ஆர்ஐசிஎஸ் இருந்தா நல்லதுன்னு போட்டிருப்பாங்களே, அது இந்த சங்கத்தோட மெம்பர் ஆனவங்க பேருக்கு பின்னாடி போடறது. எம்எஸ்சி முடிச்சா அது தானா வராது, இதையும் யாரும் சொல்றதில்ல. அங்கீகாரம் உள்ள டிகிரி முடிச்ச புதுசுல உள்ளவங்க 24 மாசம் வேலை பாத்துக்கிட்டே பயிற்சிய பதிவு பண்ணணும், அப்புறம் நீங்களே பாத்த ஒரு ப்ராஜெக்ட் பத்தி 3,000 வார்த்தைக்குள்ள கேஸ் ஸ்டடி எழுதணும், கடைசியா ஒரு மணி நேரம் இன்டர்வியூ. அந்த இன்டர்வியூல புத்தகத்துல என்ன இருக்குன்னு கேக்க மாட்டாங்க, நீ என்ன செஞ்ச, ஏன் அப்படி செஞ்ச, வேற வழி இருந்துச்சான்னு கேப்பாங்க. செஞ்சிருந்தாத்தானே சொல்ல முடியும். அங்கீகாரம் உள்ள டிகிரியோட அஞ்சு வருஷ அனுபவமும் இருந்தா அந்த 24 மாசம் 12 மாசமா குறையும், அதாவது முன்னாடியே சைட்டுல இருந்த காலத்த அவங்களே மதிக்கறாங்க.

இன்னொரு கணக்கும் பாருங்க. இங்கிலாந்துல படிச்சு முடிச்சு அங்கேயே வேலை தேடறதுக்கு குடுக்கற விசா இது வரைக்கும் மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு 2 வருஷம். 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். எம்ஆர்ஐசிஎஸ் ஆக வேண்டியது 24 மாச பயிற்சி, விசா 18 மாசம், முதல் வேலை கிடைக்கவே நாலஞ்சு மாசம் போயிரும். ஸ்பான்சர் பண்ற கம்பெனி கிடைக்கலன்னா நடுவுல கிளம்ப வேண்டியதுதான். பயிற்சிய வேற நாட்டுல தொடரலாம், அதுல தப்பில்ல, ஆனா அதுக்குத்தானா இருபத்தஞ்சு லட்சம் கட்டினோம்னு குடும்பம் கேக்கும். 2024ல இருந்து அங்க மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்க கணவனையோ மனைவியையோ கூட்டிட்டு போகவும் முடியாது, ஆராய்ச்சி படிப்புன்னாலோ அரசாங்க ஸ்காலர்ஷிப்ல போனாலோ மட்டும்தான் முடியும்.

அக்கா பையன் திரும்பி வந்தான். நானும் ஊருக்கு வந்துட்டேன். ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில ஒரு டாய்லெட் டிராயிங்க விரிச்சு வச்சு சுவர் டைல்ஸ் எவ்வளவுன்னு எடுடான்னேன். உள் அளவு 2.1க்கு 1.5, டைல்ஸ் 2.1 உயரம். அவன் லேப்டாப்ப எடுத்தான், நான் வேண்டாம், பென்சில்ல போடுன்னேன். சுத்தளவு 7.2, உயரத்தால பெருக்கி 15.12, கதவு 0.75க்கு 2.1, அதாவது 1.575 கழிச்சு 13.545னு சரியா வந்தான், எனக்கு சந்தோஷம். அதுக்கு மேல அஞ்சு சதவீதம் சேத்து 14.22னு எழுதினான். இது என்னடான்னு கேட்டேன். "வேஸ்டேஜ் மாமா, வெட்டும்போது உடையும்ல"ன்னான். உடையும், யார் இல்லன்னது. ஆனா பிஓக்யூல, அதாவது வேலை அளவு பட்டியல்ல போற அளவு சுவத்துல ஒட்டி நிக்கற அளவுதான், உடையறதும் வெட்டி எறியறதும் ரேட்டுக்குள்ள வரணும். அளவுலயும் சேத்து கான்ட்ராக்டர் ரேட்லயும் சேத்தா ஓனர் ரெண்டு தடவ காசு குடுக்கறாரு. 300 டாய்லெட் உள்ள கட்டடத்துல அது 200 சதுர மீட்டருக்கு மேல. இருபத்தஞ்சு லட்சம் செலவு பண்ணி படிச்சிட்டு வந்த பையனுக்கு இது தெரியலன்னு எனக்கு கோவம் வரல, மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அவன் புத்திசாலி, ஒரு தடவ சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான், அவனுக்கு யாரும் வரிசையா எதையும் காட்டல, அதுதான் குறை. இப்ப ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி வேலையில பில்லிங்ல இருக்கான், சம்பளம் கம்மிதான், லோன் கட்ட அக்காவும் சேந்து கஷ்டப்படுது.

நம்ம ஊர்லயே படிக்க முடியாதான்னு கேப்பாங்க. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மென்ட் எம்இ இருக்கு, ஐஐடி மெட்ராஸ்லயும் கட்டுமான தொழில்நுட்பம், மேலாண்மைல எம்டெக் இருக்கு, ரெண்டும் தரமான படிப்பு, கிடைச்சா விடாதீங்க. ஆனா அதெல்லாம் மேலாண்மைக்கான படிப்பு, க்யூஎஸ் அதுல ஒரு பகுதிதான். க்யூஎஸ் பேர்ல தனியா படிக்கணும்னு நினைக்கறவங்க நொய்டா பக்கமும் பாக்கலாம், அங்க அமிட்டி யூனிவர்சிட்டில ஆர்ஐசிஎஸ் கூட சேந்து 2013ல ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. கட்டுமான மேலாண்மைக்குன்னே இருக்கற நிக்மரும் மகாராஷ்டிராலதான் பெருசு. ஏற்கனவே வளைகுடால இருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம், துபாய்ல ஹெரியட் வாட் யூனிவர்சிட்டிக்கு 2005ல இருந்து கேம்பஸ் இருக்கு, வேலைய விடாம படிக்கலாம்.

இலங்கைய பாருங்க. மொரட்டுவ பல்கலைக்கழகத்துல க்யூஎஸுக்கு தனியா நாலு வருஷ பட்டமே இருக்கு. துபாய்ல, தோஹால எந்த க்யூஎஸ் டிபார்ட்மென்ட்டுக்கு போனாலும் இலங்கைக்காரங்க இருப்பாங்க, எனக்கு என்ஆர்எம் 2ங்கற ஆர்ஐசிஎஸ் அளவு விதிப்படி அளவு எடுக்க பொறுமையா சொல்லிக் குடுத்தவரு யாழ்ப்பாணத்து தமிழர் ஒருத்தர்தான், ஐஎஸ் 1200ல பழகின கைய மாத்த எனக்கு ஆறு மாசம் ஆச்சு, ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்ல. மலேசியால 1967லயே க்யூஎஸுக்கு தனிச் சட்டம் போட்டுட்டாங்க, போர்டுல பதிவு பண்ணாம அந்த பேர்ல தொழில் பண்ண முடியாது. நம்ம நாட்டுல அப்படி சட்டமே இல்ல, அதனாலதான் 45 நாள் க்ளாஸ் எடுத்துட்டு க்யூஎஸ் சர்டிபிகேட் குடுக்கறவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. அந்த 45 நாள்ல சாஃப்ட்வேர் பழகலாம், தப்புன்னு சொல்லல, ஆனா அத மேற்படிப்புன்னு நினைச்சு பணம் கட்டாதீங்க.

தமிழ்நாட்டுல இவ்வளவு கட்டடம் நடக்குது, மெட்ரோ, ஃபேக்டரி, ஆஸ்பத்திரின்னு, வருஷா வருஷம் இவ்வளவு பிள்ளைங்க சிவில் முடிக்கறாங்க, அண்ணா பல்கலைக்கழகம் வேலைக்கு போறவங்களுக்கு சாயங்காலத்துலயோ சனி ஞாயிறுலயோ ஒரு பகுதி நேர எம்இ க்யூஎஸ் ஆரம்பிக்கலாமே. ஐஎஸ் 1200ம் என்ஆர்எம் 2ம் ரெண்டும் சொல்லிக் குடுக்கணும், ஃபிடிக்கும் நம்ம பொதுப்பணித்துறை ஒப்பந்தமும் ரெண்டும் வேணும், சேர்றதுக்கு ரெண்டு வருஷ சைட் அனுபவம் கட்டாயம்னு வைக்கணும். பாடம் எடுக்க ஆள் இல்லன்னு சொல்ல முடியாது, வளைகுடால இருந்து திரும்பி வந்து வீட்டுல உக்காந்திருக்கற என்ன மாதிரி ஆளுங்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கோம், பஸ் காசு குடுத்தா போதும், வர்றோம்.

எங்க தெரு பையனோட அப்பாகிட்ட இதத்தான் சொன்னேன். வயல வைக்க வேண்டாம் அண்ணாச்சி, பையன் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பில்லிங்ல சேரட்டும், சம்பளம் பாக்க வேண்டாம், டேப்ப பிடிக்கட்டும், எம் புக் எழுதட்டும், ரேட் அனாலிசிஸ் போடட்டும், ஒரு வேலையோட ஃபைனல் அக்கவுன்ட் முடியற வரைக்கும் இருக்கட்டும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் அவனுக்கு இந்த வேலை பிடிச்சிருந்தா, எந்த கோர்ஸ், எந்த நாடுன்னு நானே கூட உக்காந்து பாத்து குடுக்கறேன். அவருக்கு அரை மனசுதான், ஏஜென்ட் செப்டம்பர்ல சேரணும், சீட் போயிரும்னு தெனமும் போன் பண்றானாம். செப்டம்பர் அடுத்த வருஷமும் வரும்னு சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவ உங்க கல்விப் பக்கத்துல குவான்டிட்டி சர்வேயிங் பத்தி போடும்போது, கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு எப்படி பாக்கறது, படிப்பு முடிஞ்ச பிறகு இன்னும் எத்தன மாசம் பயிற்சி, விசா எத்தன மாசம், இத மூணையும் ஒரு கட்டம் கட்டியாவது போடுங்க ஐயா. விவரம் வேணும்னா நான் எழுதி அனுப்பறேன், என் நம்பர் உங்க ஆபீஸ்ல குடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குவான்டிட்டி சர்வேயர்,
பாளையங்கோட்டை.
(அக்கா குடும்பத்த நினைச்சு பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கறேன்.)